எந்த ஏர்லைன் நிலைக்கும்? எரிபொருள் போடும் பவுசர் வண்டி நிற்கும் நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: "வணக்கம் கேப்டன் சார். வயது 29, வீடு குரோம்பேட்டை. ஒரு பெரிய பட்ஜெட் ஏர்லைனில் ஏர்பஸ் ஏ320 கோ-பைலட்டாக இருக்கிறேன். 1,650 மணி நேரம் ஆகிவிட்டது, பேஸ், அதாவது டியூட்டி தொடங்கி முடியும் ஊர், சென்னைதான். இப்போது வளர்ந்துவரும் இன்னொரு பட்ஜெட் ஏர்லைன் போயிங் 737 ஓட்டக் கூப்பிடுகிறது. சம்பளம் கூடுதல், சேரும்போதே 15 லட்சம் போனஸ், ஆனால் பேஸ் பெங்களூரு. பிளையிங் படிக்க வாங்கிய கடனில் 38 லட்சம் பாக்கி. மனைவி இங்கே வேலை பார்க்கிறார், மகளுக்கு இரண்டு வயது. ஒரே கம்பெனியில் ரிட்டயர் ஆகும்வரை இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை, என் ஆசையும்தான். எதில் இருப்பது நல்லது?"

அப்பாவின் ஆசையிலிருந்தே ஆரம்பிக்கிறேன் தம்பி. அவர் எங்கே வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை, ஐசிஎஃப்போ ஆவடி டேங்க் ஃபேக்டரியோ மாதிரி ஓர் இடமாக இருக்கும் என்று நினைக்கிறேன், சேர்ந்த கேட் வழியாகவே மாலையும் கழுத்துமாக வெளியே வருகிற வேலை. நம் தொழிலில் 65 வயது வரை ஓட்டலாம், அதாவது உங்களுக்கு இன்னும் 36 வருஷம் இருக்கிறது. இந்தியாவில் இன்று ஓடும் பட்ஜெட் ஏர்லைன் எதற்கும் அந்த வயதே இல்லை. ஸ்பைஸ்ஜெட்டும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் 2005-இல் வந்தவை, இண்டிகோ 2006, ஆகாசா 2022. நீங்கள் மூன்றாவதோ நாலாவதோ படித்தபோது பிறந்த கம்பெனிகள் இன்னும் 36 வருஷம் இருக்குமா என்று யாரைக் கேட்டாலும் ஜோசியம்தான் சொல்வார்கள்.

போனவற்றையும் பாருங்கள். நம் சென்னையை வைத்தே ஓடிய பாரமவுண்ட் 2005-இல் வந்து 2010-இல் நின்றது. கிங்ஃபிஷர் 2012-இல் தரையிறங்கியது. 25 வருஷத்துக்கு மேல் பறந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 ராத்திரியோடு முடிந்தது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டது, அடுத்த நாளே விமானங்கள் நின்றுவிட்டன. இதில் எல்லாவற்றிலும் "இங்கேயே ரிட்டயர் ஆகலாம்" என்று நம்பிய பைலட்டுகள் இருந்தார்கள்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்: இந்தக் கம்பெனி அஞ்சு வருஷத்தில் மூடினால் என் கையில் என்ன இருக்கும்? கோ-பைலட்டாகவே இருந்து கம்பெனி போனால், உங்களைப் போல ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் வைத்திருப்பவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். கேப்டனாக இருந்து போனால், மறுவாரமே இன்னொரு கம்பெனி அழைக்கும், ஏனென்றால் இந்தியாவில் எப்போதும் பற்றாக்குறை கேப்டன் உட்காரும் இடது சீட்டுக்குத்தான். ஜெட் நின்றபோது இதைக் கண்ணால் பார்த்தேன். போயிங் ஓட்டிய கேப்டன்கள் பலருக்கு மாதக் கணக்கில் கூட இடைவெளி விழவில்லை, கோ-பைலட் பையன்கள் பலர் வருஷக் கணக்கில் வீட்டில் இருந்தார்கள், அடுத்த வருஷமே கொரோனாவும் வந்து சேர்ந்தது.

ஆகவே எந்த ஏர்லைன் உங்களைச் சீக்கிரமாகவும் ஒழுங்காகவும் கமாண்டில், அதாவது கேப்டன் பொறுப்பில், உட்கார வைக்கும் என்பதுதான் முதல் கணக்கு, சம்பளம் அதற்கு அப்புறம். கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸ் வாங்க 1,500 மணி நேரம் வேண்டும், உங்களிடம் இருக்கிறது. எழுத்துத் தேர்வுகள் முடித்தாயிற்றா? முடிக்கவில்லை என்றால் இந்த வேலை மாற்றப் பேச்சையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அதை முடியுங்கள், மீட்டியராலஜி (வானிலை) புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆஃபர் லெட்டரைப் படிப்பதில் அர்த்தமில்லை.

இப்போது 737-க்குப் போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். முதலில் நீங்கள் ஆறு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ விதிப்படி கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருஷம். அப்புறம் கிரவுண்ட் கிளாஸ், சிமுலேட்டர் பயிற்சி, தேர்வு, அதன்பின் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து லைன் டிரெய்னிங். எல்லாம் சீராக நடந்தாலும் நாலு மாதம் முழு ரோஸ்டர் (பறக்கும் அட்டவணை) கிடைக்காது. மாதம் 65 மணி நேரம் என்று வைத்தால் 260 மணி நேரம் போச்சு. கமாண்ட் வரிசையில் இன்றைக்கு உங்கள் முன்னால் எத்தனை பேர், அங்கே போனால் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வளரும் கம்பெனியில் வரிசை குட்டையாக இருக்கும் என்று ஆசை காட்டுவார்கள். விமானம் வந்தால்தான் வரிசை நகரும்.

அந்த "வந்தால்" என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. கம்பெனி பெயரை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் இந்தியாவில் 737 ஓட்டும் பட்ஜெட் ஏர்லைன்கள் ஆகாசா, ஸ்பைஸ்ஜெட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மூன்றுதான். ஆகாசா மொத்தம் 226 போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் விமானத்தில் பயன்படுத்தாத கதவின் இடத்தை அடைக்கும் பலகை நடுவானில் பிய்ந்துபோன பிறகு, மாதம் 38-க்கு மேல் தயாரிக்கக் கூடாது என்று அமெரிக்காவின் விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ போயிங்கைக் கட்டிப்போட்டது. அதே வருஷம் அங்கே ஏழு வாரம் வேலைநிறுத்தம் வேறு. சியாட்டில் பக்கத்துப் போயிங் ஆலையில் போல்ட் சரியாக மாட்டாததற்கு இங்கே ஒரு பையன் கமாண்டுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, நம் தொழிலின் லட்சணம் இதுதான். ஏர்பஸ் பக்கமும் பாலும் தேனும் ஓடவில்லை. பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறுதான் தன்னைக் கவிழ்த்தது என்று கோ ஃபர்ஸ்ட் சொன்னது, அதே எஞ்சினால் இண்டிகோவின் விமானங்களும் டஜன் கணக்கில் தரையில் நின்றன. வித்தியாசம் என்னவென்றால் ஒன்று தாங்கியது, மற்றது தாங்கவில்லை.

தாங்குமா தாங்காதா என்பதை ஆண்டறிக்கை சொல்லும், ஆனால் தாமதமாகச் சொல்லும். விமானங்களை நிறுத்தும் ஏப்ரனில் நிற்கிறவனுக்கு முன்னாலேயே தெரியும். என் கதையைச் சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். மீனம்பாக்கத்தில் ஒரு விடிகாலை, கோயம்புத்தூர் போகும் முதல் விமானம். பவுசர் வண்டி இறக்கைக்குக் கீழே வந்து நிற்கிறது, ஆள் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டாமல் நிற்கிறார். "ஏன்பா?" என்றேன். "ஆபிஸிலிருந்து மெசேஜ் வரணும் சார், பணம் ஏறிச்சுன்னா மாட்டலாம்" என்றார். எண்ணெய் கம்பெனி கடனை நிறுத்திவிட்டு அன்றன்றைக்குக் காசு, அன்றன்றைக்கு எரிபொருள் என்று மாற்றியிருந்தது. 40 நிமிஷம் தாமதம். பயணிகளிடம் "ஆபரேஷனல் ரீசன்" என்று அறிவித்தது நான்தான். அடுத்த மாதம் வெளியூரில் தங்கும் லேஓவர் ஹோட்டலில் சாவி தராமல் லாபியில் உட்கார வைத்தார்கள், பழைய பில் பாக்கியாம். கேபின் க்ரூ பெண்கள் பெட்டிமேல் தலை வைத்துத் தூங்கினார்கள். அதற்கும் அடுத்த மாதம் பிக்கப் வண்டி வரவில்லை. சம்பளம் நின்றது இதற்கெல்லாம் பிறகுதான்! மூன்று மாதச் சம்பளம் எனக்கு வரவே இல்லை, திவால் வழக்கில் வங்கிகளெல்லாம் முன் வரிசையில் உட்கார, நாங்கள் பின்னால் நின்றோம்.

எனவே நீங்கள் போக நினைக்கும் கம்பெனியில் தெரிந்தவர் ஒருவரைப் பிடியுங்கள், எச்.ஆர். ஆள் வேண்டாம், லைனில் பறக்கிறவர். சம்பளம் எந்தத் தேதியில் விழுகிறது, கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை தள்ளியது என்று கேளுங்கள். பிஎஃப் பாஸ்புக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சம்பளச் சீட்டில் பிடித்ததும் பாஸ்புக்கில் ஏறியதும் மாதாமாதம் பொருந்த வேண்டும். பிடித்த வரி (டிடிஎஸ்) வருமான வரித் துறையின் பதிவில் வந்திருக்கிறதா என்பதும் அப்படியே. ஓரமாக நிறுத்திய விமானத்திலிருந்து பாகங்களைக் கழற்றி ஓடும் விமானத்தில் மாட்டுவது அடிக்கடி நடக்கிறதா என்று அவரை டீ குடிக்கும்போது கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் காலாண்டு முடிவின் கடைசியில் தணிக்கையாளர் எழுதும் பத்தியைப் படியுங்கள், "தொடர்ந்து இயங்கும் திறனில் ஐயம்" என்கிற மாதிரி ஒரு வாக்கியம் இருந்தால் போனஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். இண்டிகோவும் ஸ்பைஸ்ஜெட்டும் பங்குச் சந்தையில் இருப்பவை, ஆகாசாவும் எக்ஸ்பிரஸும் இல்லை, ஆனால் எக்ஸ்பிரஸுக்குப் பின்னால் டாடாவின் ஏர் இந்தியா நிற்கிறது.

பெரிய கம்பெனி என்பதற்காக இருக்கும் இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். 2020 ஜூலையில் இண்டிகோவே 10 சதவீத ஊழியர்களை அனுப்பியது. 2022 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் சுமார் 80 பைலட்டுகளைச் சம்பளமில்லா விடுப்பில் மூன்று மாதம் உட்கார வைத்தது. எந்தக் கம்பெனி என்றாலும் ஆறு மாத இஎம்ஐ தனியாக ஒரு கணக்கில் இருக்க வேண்டும், 38 லட்சம் கடன் இருக்கிற உங்களுக்கு அது கட்டாயம். லைசென்ஸ் இழப்புக் காப்பீடும் அப்படித்தான், கம்பெனி கொடுப்பது போதுமா என்று பாருங்கள், மெடிக்கலில் ஒரு இசிஜி கோடு நெளிந்தால் எந்த ஏர்லைனில் இருந்தோம் என்பதற்கு மதிப்பில்லை.

சரி, பேஸ். இதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், நான் முதல் மூன்றில் வைப்பேன். புது பணிநேர விதியில் வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகியிருக்கிறது, ராத்திரி லேண்டிங் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் அமலானதும், அதற்குத் தக்க ஆள் இல்லாமல் டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்ததும், டிஜிசிஏ தற்காலிகமாகத் தளர்வு கொடுத்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த 48 மணி நேரம் பெங்களூரில் ஆரம்பித்தால் என்ன ஆகும்? தேவனஹள்ளி ஏர்போர்ட்டிலிருந்து ஸ்டாஃப் டிக்கெட்டில் சென்னைக்கு வரலாம், சீட் இருந்தால். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட் இருக்காது. வந்தே பாரத் என்றால் சென்ட்ரல் வரை நாலரை மணி நேரம், அதற்கு முன் ஏர்போர்ட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பெங்களூரு டிராஃபிக். போக வரப் பன்னிரண்டு மணி நேரம் கழியும், மிச்சத்தில் தூக்கத்தைக் கழித்தால் மகளோடு எத்தனை மணி நேரம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இப்போது ஏர்போர்ட் எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் ஏறினால் இரண்டே நிறுத்தம், குரோம்பேட்டை. இதற்குச் சம்பளச் சீட்டில் கட்டம் கிடையாது, ஆனால் மாதம் எழுபதாயிரம் பெறும் என்பேன். குறைத்தே சொல்கிறேன்.

15 லட்சம் போனஸ் பற்றி. 30 சதவீத வரியும் செஸ்ஸும் போக பத்து லட்சத்துச் சொச்சம் கைக்கு வரும். அதோடு, இத்தனை வருஷம் விலக மாட்டேன் என்று ஒரு பாண்ட் வரும், சில இடங்களில் தேதி போடாத செக்கும் கேட்பார்கள். இடையில் விலகினால் 15 லட்சமும் திருப்பிக் கட்ட வேண்டுமா, வரி போக வாங்கியது மட்டுமா? 737 பயிற்சிச் செலவு தனியாக எழுதப்பட்டிருக்கிறதா? கம்பெனி உங்களை நிறுத்தினாலும் பாண்ட் உயிரோடு இருக்குமா, பேஸை அவர்களே மாற்றினால்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள், "அதெல்லாம் பார்த்துக்கலாம் கேப்டன்" என்று போனில் சொல்வது செல்லாது.

என் முடிவு: இப்போது நகராதீர்கள். ஏ320-இலேயே கமாண்ட் எடுங்கள், இடது சீட்டில் 500 மணி நேரமாவது ஓட்டுங்கள். இங்கே அந்த விமானம்தான் அதிகம், வளைகுடாவில் ஏர் அரேபியாவும் அதைத்தான் ஓட்டுகிறது, எக்ஸ்பிரஸிடமும் ஏ320 இருக்கிறது, ஆகவே உங்கள் ரேட்டிங் (அந்த ரக விமானம் ஓட்டும் தகுதி) வீணாகாது. பாரமவுண்ட் நின்றபோது எம்ப்ரேயர் ரேட்டிங் வைத்திருந்தவர்களுக்கு இங்கே அதை ஓட்டும் வேறு பெரிய கம்பெனியே இல்லை. ஒன்றே ஒன்று: கேப்டன் ஆனதும் நோட்டீஸ் காலம் ஒரு வருஷமாகிவிடும், சுலபமாக விலக முடிகிற கடைசி நாட்கள் இவைதான் என்பதும் உண்மை. அதனால் உங்கள் சீஃப் பைலட் ஆபிஸில் நேரம் கேட்டுப் போய், அப்கிரேடு வரிசையில் என் நம்பர் என்ன, இந்த வருஷம் எத்தனை பேரை எடுக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். இரண்டு வருஷத்துக்குள் என்றால் இருங்கள். நாலு வருஷம் என்று இழுத்தால், அல்லது பதிலே சொல்லாமல் மழுப்பினால், வெளியே பாருங்கள். அப்போதும் முதலில் ஏ320, சென்னை பேஸ் கொடுக்கிற இடத்தைத் தேடுங்கள், பெங்களூரு 737 கடைசியாக இருக்கட்டும்.

சீஃப் பைலட்டைப் பார்த்துவிட்டு அந்த ஆஃபர் லெட்டரின் பாண்ட் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.