அந்த 'வெறும்' எதற்கு?

கேள்வி: பசிபிக் கடலில் வெறும் 21 சதுர கிலோமீட்டர் தீவு நவுரு. அதற்குப் போய் 1968-ல் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தார் அதன் முதல் அதிபர் ஹாமர் டிரோபர்ட். பேசாமல் ஆஸ்திரேலியாவோடு சேர்ந்திருந்தால் அந்த மக்கள் இன்று செழிப்பாக இருந்திருக்க மாட்டார்களா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: உங்கள் கேள்வியில் எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்த 'வெறும்'. பொது அறிவுப் புத்தகங்கள் செய்த வேலை இது. 'உலகின் மிகச் சிறிய குடியரசு எது?' 'நவுரு.' ஒரு மதிப்பெண். அடுத்த கேள்வி. அந்தப் புத்தகங்களோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. அளவைச் சொல்லிவிட்டு ஆட்களை மறைத்துவிடுகின்றன.

எண்ணிக்கை என்றால் என்னவென்று நவுரு மக்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஓர் இனம் பிழைத்திருக்க 1,500 பேராவது வேண்டும் என்று கணக்கிட்டு, 1932 அக்டோபர் 26 அன்று அந்த எண்ணை எட்ட வைத்த குழந்தை பிறந்ததை ஊரே கொண்டாடியது. இன்றும் அது அங்கே திருநாள். அப்புறம் போர் வந்தது. 1943-ல் ஜப்பான் ராணுவம் 1,200 பேரைக் கப்பலில் ஏற்றி, பசிபிக்கிலேயே தன் பிடியில் இருந்த ட்ரக் தீவுகளுக்குக் கொண்டுபோனது. பசியும் நோயும் கொன்றது போக, 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர். ட்ரக்கில் உழைத்து மீண்டவர்களில் இளைஞர் டிரோபர்ட்டும் ஒருவர். சுதந்திரத்துக்கு ஜனவரி 31-ஐ அவர்கள் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

சரி, ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். தீவின் நடுமேடு முழுக்க பாஸ்பேட், அதாவது உரம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து மூன்றும் சேர்ந்து அதை வெட்டி, அடக்க விலைக்குத் தங்கள் விவசாயிகளுக்குக் கொடுத்தன. தொடக்க காலத்தில் நிலத்துக்காரருக்குக் கிடைத்தது டன்னுக்கு அரை பென்னி. மண்ணைச் சுரண்டி எடுத்த இடங்களில் ஆளுயரத்துக்கு மேல் சுண்ணாம்புப் பாறைகள் கூர்கூராக நீட்டிக்கொண்டு நின்றன. அங்கே செடி நட முடியாது, வீடு கட்ட முடியாது. அதன் பிறகுதான் நிர்வாகம் செய்துவந்த ஆஸ்திரேலியா, 'குவீன்ஸ்லாந்து பக்கம் கர்டிஸ் தீவுக்கு வந்துவிடுங்கள், குடியுரிமை தருகிறோம்' என்றது. அங்கே எங்களை நாங்களே ஆள முடியுமா என்று கேட்டார் டிரோபர்ட். முடியாது என்றார்கள். 1964-ல் மறுத்துவிட்டார்கள் நவுரு மக்கள். நீங்கள் சொல்லும் 'சேர்ந்திருத்தல்' இதுதான்.

கொடியேற்றியவர்களுக்குப் படம் போடுகிறோம், கணக்குக் கேட்டவர்களை மறந்துவிடுகிறோம் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். 'எடிட்டருக்கு வேறு வேலை இல்லை' என்று திட்டும் கடிதங்களும் வந்திருக்கின்றன. மறுபடியும் எழுதுகிறேன். டிரோபர்ட் கொடி கிடைத்தால் போதும் என்று இருக்கவில்லை. சுதந்திரத்துக்கு முன்பே, 1967-ல், சுரங்கத் தொழிலை 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டார். 1970-ல் அது நவுருவின் கைக்கு வந்தது. தங்கள் மண்ணிலிருந்து எடுத்ததை விற்று அதற்கு விலை கொடுத்தார்கள்.

பிறகு பணம் கொட்டியது, பணம் கரைந்தது. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமானங்கள். ஊதாரித்தனம் அவர் காலத்திலேயே தொடங்கியது, அதை மறைக்க மாட்டேன். அதற்காக, செலவாளி வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் பெயருக்கு எழுதிவைத்திருக்க வேண்டும் என்பீர்களா? அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், தீவு நொடித்துக் கிடந்த 2001-ல், காசு கொடுத்து அங்கே அகதிகளை அடைக்க முகாம் திறந்தார். கடல்வழியே தஞ்சம் கேட்டுப் போன ஈழத் தமிழர்களையும் 2007-ல் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள்.

டிரோபர்ட் கடைசிவரை கணக்கை விடவில்லை. சுதந்திரத்துக்கு முன் தோண்டிய நிலத்தைச் சீர்செய்வது யார் பொறுப்பு என்று ஆராய ஒரு குழு அமைத்தார். தலைவர் யார் தெரியுமா? இலங்கையின் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி வீரமந்திரி. ஆண்ட மூன்று நாடுகளும்தான் பொறுப்பு என்றது குழு. 1989-ல் ஆஸ்திரேலியா மீது ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது நவுரு. வழக்கை விசாரிக்கவே கூடாது என்று ஆஸ்திரேலியா வாதாடியது. விசாரிக்கலாம் என்று 1992 ஜூனில் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதம் டிரோபர்ட் காலமானார். 1993-ல் ஆஸ்திரேலியா 10.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது.

தோண்டியவன்தான் குழியை மூட வேண்டும் என்பதைச் சட்டமாகப் பேசிய வழக்கு இது. அந்த 1992 தீர்ப்பைத் தமிழில் படிக்க ஆசை. சட்டம் தெரிந்த வாசகர் யாராவது முக்கியப் பகுதிகளை மொழிபெயர்த்து அனுப்பினால், அடுத்த இதழிலேயே நான்கு பக்கம் ஒதுக்குகிறேன். சன்மானமும் உண்டு.