சீனி போத்தல் பொங்கி மீன் செத்தால் யார் பொறுப்பு?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். படிவம் நான்கு படிக்கும் என் மகன் இரண்டடி மீன் தொட்டியில் செடி வளர்க்கிறான். சோடா போத்தலில் சீனியும் ஈஸ்டும் கரைத்து, மூடியில் ட்யூப் செருகி, செடிக்காகத் தொட்டிக்குக் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) விட்டான். மறுநாள் காலையில் தண்ணீர் பால் போல் வெளுத்திருந்தது. ஆறு டெட்ரா செத்துவிட்டன, மற்றவை மேலே வந்து வாயைத் திறக்கின்றன. 400 வெள்ளிக்குக் கரிவளி சிலிண்டர் செட் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? இணையத்தில் வாங்கிய மூடியும் திருகும் இடத்தில் கசிகிறது. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: அம்மா, முதலில் மிச்சமுள்ள மீன்களைப் பார்ப்போம். ட்யூபை வெளியே எடுங்கள். பாதித் தண்ணீரை மாற்றி, மறக்காமல் ஆன்டி குளோரின் ஊற்றுங்கள். காற்று பம்ப் இரவு பகலாக ஓடட்டும். இரண்டு நாள் தீனி வேண்டாம். சீனி கலந்த தண்ணீரில் பாக்டீரியா பெருகுவதால்தான் அந்த வெண்மை. மீனுக்கு வேண்டிய உயிர்வளியை அவை தின்றுவிடுகின்றன. வெண்மை போக சில நாள் ஆகும். அவசரப்பட்டுத் தொட்டியை முழுக்கக் கழுவினால் வடிகட்டியில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

அந்த ட்யூபை மூக்கருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். உள்ளே பிசுபிசுப்பும் தாப்பாய் போலப் புளித்த வாசனையும் இருந்தால், வாயுவோடு ஈஸ்ட் கரைசலே தொட்டிக்குப் போயிருக்கிறது. போத்தலைக் கழுத்து வரை நிரப்பினால் இதுதான் நடக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஈஸ்ட் முதல் ஓரிரு நாளிலேயே பொங்கி, நுரை ட்யூபில் ஏறிவிடும்.

மகனைத் திட்டாதீர்கள். அவன் வைக்க மறந்தது இன்னொரு போத்தலும் ஒரு வால்வும்தான். கரைசல் முக்கால் போத்தலுக்கு மேல் போகக்கூடாது. அதற்கும் தொட்டிக்கும் நடுவில், பாதி தண்ணீர் நிரப்பிய சின்னப் போத்தல் ஒன்று வேண்டும். வாயு அந்தத் தண்ணீருக்குள் குமிழியாக வந்து வெளியேறும், நுரை அங்கேயே நின்றுவிடும். தொட்டித் தண்ணீர் பின்னால் இறங்காமலிருக்க ஒரு செக் வால்வு போடுங்கள். மாட்டுமுன் வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். இதற்கெல்லாம் சில வெள்ளிதான் ஆகும்.

இரவில் ஈஸ்ட் நிற்காது. செடியோ இருட்டில் கரிவளியை எடுக்காது, உயிர்வளியைத்தான் எடுக்கும். அதனால் விளக்கு அணைந்ததிலிருந்து விடியும் வரை காற்று பம்ப் ஓட வேண்டும். வாயுவை நிறுத்துகிறேன் என்று ட்யூபை மடித்துக் கட்டவே கூடாது, அழுத்தம் ஏறிப் போத்தல் வெடித்துவிடும். கண்ணாடிப் போத்தலும் மெல்லிய மினரல் தண்ணீர் போத்தலும் ஆகாது. சோடா போத்தல்தான் அழுத்தம் தாங்கும்.

சிலிண்டர் இப்போது வேண்டாம் என்பேன். விளக்கோடு சேர்த்து வாயுவை நிறுத்தும் சொலினாய்டு என்ற மின் வால்வு அதில் உண்டு, அது நல்ல வசதிதான். ஆனால் தரை முழுக்கப் புல் விரிக்கும் பெரிய தொட்டிக்குத்தான் அது அவசியம். பிறகு வாங்குவதானால், தீர்ந்ததும் எங்கே நிரப்புவது, சிலிண்டரில் அழுத்தச் சோதனைத் தேதி குத்தியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு அலைவதென்றால் மகனுக்கு ஆர்வமே போய்விடும். ஜாவா பாசி, அனுபியாஸ், நம் தீபகற்பத்து ஓடைகளிலேயே வளரும் கிரிப்டோகோரைன் எல்லாம் கூடுதல் கரிவளி இல்லாமலே வளரும்.

அப்புறம், அந்த மூடி. திருகும் இடத்தில் சவர்க்கார நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கைப்பேசியில் படம் எடுத்து, ரசீதோடு விற்றவருக்கு அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பேச்சில் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரமாக விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். இணைய விற்பனைக்கும் இது பொருந்தும். ‘திருப்பி எடுக்கமாட்டோம்’ என்று எழுதி வைத்தாலும் அந்த உரிமை போகாது. அவர் அசையவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். மூடியின் விலையை மட்டும் கேளுங்கள். மீன் செத்தது கசிவால் அல்ல, அதையும் சேர்த்தால் உங்கள் நியாயமான கோரிக்கைதான் பலவீனமாகும்.