குதிரையோடுதான் வேலை என்கிறாளா மகள்?

உங்கள் மகளின் இன்ஸ்டாகிராம் கணக்கை ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள், அதனால் இனி படிப்பே வேண்டாம், குதிரையே போதும் என்று அடம் பிடிக்கிறாள் என எழுதியிருந்தீர்கள். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது அம்மா. குதிரை மீதான ஆசை நல்லது, அதைத் தடுக்காதீர்கள். பின்தொடர்பவர்களை நம்பிப் படிப்பை விடுவதை மட்டும் தடுங்கள்.

குதிரை வேலை என்றதும் பந்தயமும் சவாரியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தரையில் நின்று செய்யும் வேலைகளும் நிறைய உண்டு: கால்நடை மருத்துவம், பிசியோதெரபி, தீவன ஆலோசனை, சேணம் தைப்பது, லாடம் அடிப்பது. குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவியாக வேண்டும் என்பதால், லாடம் அடிக்கத் தெரிந்தவருக்கு வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார். முதுகு ஒடியும் வேலைதான், அதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

எந்த வேலைக்குப் போனாலும் குதிரையைப் பார்க்கத் தெரிய வேண்டும். காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் கவனிக்க வேண்டியவை இவை. ராத்திரி வைத்த புல் மிச்சம் கிடக்கிறதா? சாணம் வழக்கம்போல் போட்டிருக்கிறதா? விலாப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா, முன்னங்காலால் தரையைக் கீறுகிறதா? அப்படியென்றால் வயிற்றுவலியாக இருக்கலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி முற்றினால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். தாடை எலும்பின் உள்பக்கம் ஓடும் ரத்தக்குழாயில் விரல் வைத்து நாடி எண்ண வேண்டும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் யோசிக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இதெல்லாம் கைக்கும் கண்ணுக்கும் பழகவே மாதக்கணக்கில் ஆகும். லாய உரிமையாளர் தேடுவது இப்படிப் பழகியவரைத்தான்.

அதற்காகக் கணக்கை மூடச் சொல்லாதீர்கள். சீவுவதற்கு முன்னும் பின்னும் குளம்பு எப்படி இருந்தது என்று படம் போடுகிற லாடக்காரருக்கு அதைப் பார்த்தே ஆள் வருகிறது. ஆனால் தொழில் தெரிந்தவர்கள் வீடியோவைப் பார்க்கும் விதமே வேறு. காது பின்னால் மடிந்திருக்கிறதா, வால் அடித்துக்கொண்டே இருக்கிறதா, கடிவாளம் இழுபட்டு வாய் பிளந்திருக்கிறதா, சவாரி செய்பவர் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்றுதான் அவர்கள் கண் போகும். 2024-ல் பிரிட்டன் வீராங்கனை சார்லட் டுஜார்டின், ஒரு பயிற்சியின்போது குதிரையின் காலில் சவுக்கால் அடித்த பழைய வீடியோ வெளிவந்ததால் பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்தே விலகினார். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அவர். அப்புறம் ஓராண்டுத் தடையும் வந்தது. எனவே மகள் இதுவரை போட்ட வீடியோக்களை அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரோடு உட்கார்ந்து பார்க்கட்டும். குதிரை கஷ்டப்படுவது தெரிகிற எதையும் நீக்கிவிட்டு, அது ஏன் கஷ்டப்பட்டது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அடுத்தவர் குதிரையையும் லாயத்தையும் உரிமையாளர் அனுமதியில்லாமல் படம் எடுக்கவே கூடாது. இந்த ஒரு தவறுக்கே வேலை போகும்.

படிப்பைப் பொறுத்தவரை, பள்ளியில் உயிரியலை விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் கால்நடை மருத்துவமோ விலங்கு அறிவியலோ படிக்கலாம் என்ற கதவு திறந்தே இருக்கும். விடுமுறையில் ஏதாவது ஒரு லாயத்தில் வேலைக்குச் சேரட்டும், அதுவும் மழையும் சேறுமான காலத்தில். சாணம் அள்ளி, தண்ணீர் சுமந்து, விடியும் முன் எழுந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், சரி, தைரியமாக அனுப்புங்கள்.

சேர்ப்பதற்கு முன் நீங்களே நேரில் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். சம்பளம் உண்டா, அல்லது வேலை கற்றுத்தருகிறோம் என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவார்களா? கீழே விழுந்தாலோ உதைபட்டாலோ காப்பீடு யார் பொறுப்பு? புதிதாக வருபவர் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் இருப்பாரா? பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு லாயம் பாருங்கள்.