பதினேழு தட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மண்ணியல் விஞ்ஞானி ரத்தன் லாலின் ஆய்வுகளை ஆறு மாதமாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். உழாமல், மூடாக்குப் போட்டுப் பயிர் செய்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை மண்ணுக்குள் பூட்டிவிடலாம் என்று புரிந்துகொண்டேன். வரும் பருவத்திலிருந்து எங்கள் நான்கு ஏக்கரில் உழவை நிறுத்தப்போகிறேன். அப்பா இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். மண்ணில் பூட்டிய கரியமில வாயுவுக்குக் காசு, அதாவது கார்பன் கிரெடிட், வாங்கித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. ரசாயன உரம் போடுகிறவர்களைப் பூமிக்குத் துரோகிகள் என்றே சொல்லத் தோன்றுகிறது. நான் போகும் வழி சரிதானா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஒரு பழைய நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லையென்றால் கார்பன் கிரெடிட் என்ற சொல்லைப் பார்த்ததுமே மூடி வைத்திருப்பேன்.

துரோகிப் பேச்சை விடுங்கள். மண்ணில் மக்கிச் சேரும் மட்கில் ஏறக்குறைய 12 பங்கு கரிமம் (கார்பன்) தங்க 1 பங்கு தழைச்சத்தும் (நைட்ரஜன்) கூட இருந்தாக வேண்டும். அது சாணத்தில் வந்ததா, மூட்டையில் வந்ததா என்று நுண்ணுயிர் விசாரிப்பதில்லை. அப்பாவோடு சண்டையா, அது உங்கள் வீட்டு விஷயம்.

லால் மேல் எனக்கும் மரியாதை உண்டு. 1970-ல் நைஜீரியாவின் இபாதானுக்குப் போய், உழாமல் மூடாக்குப் போட்டால் மேல்மண் மழையில் அடித்துப் போகாமல் எவ்வளவு நிற்கிறது என்று வருடக்கணக்கில் அளந்தவர். 2020-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். இதெல்லாம் நீங்களே படித்திருப்பீர்கள். படிக்காத ஒன்றைச் சொல்கிறேன். 2008-ல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் ஒஹாயோ, கென்டக்கி, பென்சில்வேனியா விவசாயிகளின் நிலங்களில் 60 சென்டிமீட்டர் ஆழம்வரை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உழாத நிலங்கள் சிலவற்றில் மேலடுக்கில் கரிமம் கூடியிருந்தது. முழு ஆழத்துக்கும் கூட்டிப் பார்த்தால், உழுத நிலத்தைவிட அதிகம் இல்லை. தன் பேச்சுக்கே குறுக்கே நிற்கும் கணக்கைத் தானே வெளியிட்ட மனிதர். ஆறு மாதம் தேடியும் இது உங்கள் கண்ணில் படவில்லையா? பிடித்ததை மட்டும் தேடினால் எப்படிப் படும்?

சரி, கணக்குக்கு வருவோம். 1 ஹெக்டேர் நிலம், 15 சென்டிமீட்டர் ஆழம். புதிதாக உழுத மண், கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,950 டன் மண். கரிமம் 1 சதவீதம் என்றால் 19.5 டன். உழவை நிறுத்துகிறீர்கள். மண் படிந்து இறுகி 1.5 கிராம் ஆகிறது. கரிமம் அதே 1 சதவீதம்தான். ஆனால் அதே 15 சென்டிமீட்டருக்குள் இப்போது 2,250 டன் மண். கரிமம் 22.5 டன். ஒரு இலைகூட மட்காமல் 3 டன் ஏறிவிட்டது! கரியமில வாயுக் கணக்கில் 11 டன், விற்பனைக்குத் தயார். படியைக் குலுக்கி அமுக்கி அளந்தால் தானியம் கூடுதலாகத்தான் பிடிக்கும். அதற்காகக் களத்தில் விளைச்சல் கூடிவிட்டது என்பீர்களா? ஒரே ஆழத்தை ஒப்பிடக் கூடாது. ஒரே எடையுள்ள மண்ணை ஒப்பிட வேண்டும். இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், இதே தப்பில் எனக்கும் பங்கு உண்டு. இருபத்தைந்து வயதில் ஓர் ஆய்வுக்கூடத்தில், உழவை நிறுத்திய நிலத்தின் மண் கரிமம் அளந்துகொண்டிருந்தேன். பொட்டாசியம் டைகுரோமேட் விட்ட மண்ணில் கந்தக அமிலத்தை ஊற்றியதும் குடுவை கையைச் சுடும். ஆரஞ்சு நிறம் எவ்வளவு பச்சைக்குத் திரும்புகிறதோ அவ்வளவு கரிமம். மூன்றாம் வருட முடிவில் சதவீதம் கிட்டத்தட்ட அசையவில்லை, டன் கணக்கு மட்டும் ஏறியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். நிலத்தில் குழாயை அடித்து இறக்கி எங்களுக்கு மண் எடுத்துத் தருகிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் கேட்டார்: "முதல் வருஷம் சுத்தியலால மூணு தட்டு தட்டினேன், குழாய் இறங்கிடுச்சு தம்பி. இப்ப பதினேழு தட்டு. ரெண்டையும் ஒண்ணுன்னா எழுதியிருக்கீங்க?"

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது, உன் பெயரும் அதில் இருக்கிறது என்றார். அந்த இரண்டாவது பகுதியைக் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

நோட்டு நேற்று கிடைத்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 3, 17 என்று இரண்டே எண்கள். அந்தப் பெரியவரின் பெயரைக்கூடக் குறித்து வைக்கவில்லை.

உங்கள் கேள்வி என்ன? ஆம், உழவு. தாராளமாக நிறுத்துங்கள். மண் அரிப்பு குறையும், ஈரம் நிற்கும், டீசல் மிச்சம். இந்தக் காரணங்களே போதும், வானத்தைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்னால் வயலில் பத்து இடத்தில் குழாயை இறக்கி மண் எடுங்கள். உலர்த்தி எடை போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை தட்டு என்பதையும் எழுதுங்கள். சுத்தியலை அப்பாவிடம் கொடுங்கள்.