ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் எத்தனை நாள் தங்கலாம்? கேள்வி பதில்

ஃப்ளோரிடாவில் குடியிருப்பதால் விடுமுறை நெருங்கினாலே உறவினர், நண்பர், நண்பரின் நண்பர் என்று பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். இம்முறை வந்த கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

கேள்வி (டல்லாஸ்): நான், கணவர், 5 வயது மகள். மொத்தம் நாலு பார்க் என்கிறார்கள். நாலு நாள் தங்கினால் சரியாக இருக்குமா அக்கா?

மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நாலு பார்க் இருப்பது உண்மைதான். ஆனால் நாலு பார்க்கை நாலு நாளில் தொடர்ச்சியாகப் பார்த்த குடும்பங்கள் மூன்றாம் நாள் மதியம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். குழந்தை அழும், பெரியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். அவ்வளவு பணம் செலவழித்து வந்து அப்படி ஆவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

ஆறு இரவு தங்குங்கள். வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் பார்க் கணக்கில் சேர்க்கவே கூடாது. இரண்டு நாள் பார்க், ஒரு நாள் ஓய்வு, மறுபடி இரண்டு நாள் பார்க். நாலு நாள் டிக்கெட்டைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டியதில்லை, ஏழு நாள் கெடு இருக்கிறது. அதனால் ஓய்வு நாளுக்கு டிக்கெட் பணம் எதுவும் வீணாகாது.

இன்னொன்று. 5 வயதுக் குழந்தை உயரம் கொஞ்சம் குறைவு என்றால் ஹாலிவுட் ஸ்டூடியோஸில் உயரத் தடை குறுக்கே வரலாம். அங்குள்ள ரைடுகளில் ஸ்லிங்கி டாக் டேஷுக்குக் குறைந்தது 38 அங்குல உயரம் வேண்டும், டவர் ஆஃப் டெரருக்கு 40. நானாக இருந்தால் அந்த நாளையும் மேஜிக் கிங்டமுக்கே கொடுத்துவிடுவேன். அந்த வயதுக்கு ஏற்ற ரைடுகள் அதிகம் இருப்பது அங்கேதான். பிடித்த ரைடில் மூன்றாம் முறை ஏறும்போதுதான் குழந்தையின் சந்தோஷமே தெரியும்.

கேள்வி (சென்னை): அமெரிக்கா வருவது இதுதான் முதல் தடவை. இரண்டு வாரத்தில் நியூயார்க், நயாகரா, வாஷிங்டன் எல்லாம் பார்க்க வேண்டும். ஆர்லாண்டோவுக்கு இரண்டு நாள்தான் ஒதுக்க முடியும். போதுமா?

இரண்டு முழு நாள் என்றால் போதும். ஒரு நாள் மேஜிக் கிங்டம். இன்னொரு நாளுக்கு, பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் அனிமல் கிங்டம், பெரியவர்கள் என்றால் எப்காட். மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள், நாலையும் தொட்டுவிட்டு வரும் ஆசை வேண்டாம்.

ஆனால் ஆர்லாண்டோவைப் பயணத்தின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். இந்தியாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. வந்த புதிதில் விடிகாலை மூன்று மணிக்கே எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். ராத்திரி வாணவேடிக்கை ஆரம்பிக்கும்போது குழந்தை அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். நியூயார்க்கில் இறங்கி நாலைந்து நாள் உடம்பு பழகிய பிறகு இங்கே வாருங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். இருவருக்கும் 70 தாண்டிவிட்டது. அவர்களையும் அழைத்துப்போனால் எத்தனை நாள் வைக்கலாம்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான்.

எல்லோரும் எல்லா நாளும் பார்க்குக்குப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. டிக்கெட் தலைக்குத் தனித்தனி. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாலு நாள், பெரியவர்களுக்கு இரண்டே நாள் என்று வாங்கலாம். அந்த இரண்டில் ஒன்று அனிமல் கிங்டம். காலையில் பார்க் திறந்ததும் கிலிமஞ்சாரோ சஃபாரி வண்டியில் உட்கார்ந்தபடியே யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்க்கலாம், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மற்றொன்று எப்காட். அங்கே ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. மாலையில் நிதானமாகச் சுற்றிவிட்டு இரவு வாணவேடிக்கையோடு முடிக்கலாம்.

சக்கர நாற்காலியை முதல் நாளே வாடகைக்கு எடுத்துவிடுங்கள். அப்பா "எனக்கு எதுக்கு, நான் நடப்பேன்" என்றுதான் சொல்வார். ஊரில் தினமும் நடைப்பயிற்சி போகிறவரானாலும் இங்கே நடக்க வேண்டிய தூரம் வேறு. "பையை வைக்க வசதியாக இருக்கும் அப்பா" என்று சொல்லித் தள்ளிக்கொண்டு போங்கள். மதியத்துக்குள் அவரே உட்கார்ந்துவிடுவார். ஏழு இரவு வைத்தால் யாருக்கும் அவசரம் இருக்காது.

கேள்வி (டொரான்டோ): நாள் கூடக்கூட டிக்கெட் மலிவாகிறதே. அப்படியென்றால் அதிக நாள் எடுப்பது லாபம்தானே?

ஒரு நாளுக்கான சராசரி விலை குறைகிறது, அது சரி. ஆனால் ஹோட்டல் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அப்படிக் குறைவதில்லை. டிக்கெட் மலிவு என்பதற்காக மட்டும் ஒரு நாளைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி (பெங்களூரு): எங்கள் பையனுக்கு ஜூனில் 3 வயது முடிகிறது. எப்போது வரலாம்?

ஜூனுக்கு முன் வந்தால் அவனுக்கு டிக்கெட்டே வேண்டாம். 3 முதல் 9 வரை குழந்தைக் கட்டணம், 10 ஆனால் பெரியவர் கட்டணம்.

கேள்வி (நியூ ஜெர்சி): பிள்ளைகளுக்கு 13, 16 வயது. யுனிவர்சலும் பார்க்க வேண்டுமாம். ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது?

இந்த வயதுக்கு நான், ஆர்லாண்டோவிலேயே டிஸ்னிக்குப் போட்டியாக இருக்கும் யுனிவர்சல் பக்கம்தான். 2025 மே 22 அன்று எபிக் யுனிவர்ஸ் என்ற அவர்களுடைய புதிய பார்க் திறந்ததிலிருந்து அங்கே ஒரு நாள், இரண்டு நாள் என்ற பழைய கணக்கு செல்லாது. எபிக்குக்கு முழு நாள் ஒன்று. அவர்களின் பழைய பார்க்குகளான யுனிவர்சல் ஸ்டூடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு நாள். மீதியில் டிஸ்னிக்கு இரண்டு நாள், நடுவில் ஓய்வு ஒரு நாள்.

ஹாரி பாட்டர் பிரியர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில் அந்த இரண்டு பழைய பார்க்குகளுக்கும் இடையே ஓடுகிறது. ஒரே நாளில் இரண்டுக்கும் போகும் டிக்கெட் இருந்தால்தான் ஏற விடுவார்கள்.

கேள்வி (அட்லாண்டா): பள்ளி விடுமுறையில்தான் வர முடியும். ஜூலையா, கிறிஸ்துமஸா?

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் என்றால் மற்ற நாட்களில் நாலு நாளில் பார்ப்பதற்கு ஐந்து நாள் ஒதுக்குங்கள், கூட்டம் அப்படி. ஜூலையில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் சாதாரணம். மின்னல் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். காலையில் திறக்கும் முன் வாசலில் நின்று, மதியம் ஹோட்டலுக்குத் திரும்பித் தூங்கி, மாலை மறுபடி போங்கள். அதே டிக்கெட்டில் அன்றே திரும்ப உள்ளே விடுவார்கள்.

கேள்வி (சிகாகோ): லைட்னிங் லேன் (தனியாகப் பணம் கட்டி, குறுகிய க்யூவில் போகும் வசதி) வாங்கினால் ஒரு நாளைக் குறைக்கலாமா?

இரண்டு மூன்று நாளுக்கு வருகிறவர்கள் வாங்கலாம், க்யூவில் நிற்கும் நேரம் கணிசமாகக் குறையும். ஐந்து நாள் இருப்பவர்களுக்குத் தினமும் தேவையில்லை. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்பே பதிவு செய்யலாம், மற்றவர்களுக்கு மூன்று நாள்.

கேள்வி (மயாமி): ஓய்வு நாள் என்கிறீர்களே, அன்று கென்னடி விண்வெளி மையம் போய்வரலாமா?

அருமையான இடம், கட்டாயம் பாருங்கள். ஆனால் கார் பயணமே போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அங்கே பகல் முழுதும் நடை வேறு. அதை ஓய்வு என்று சொல்ல மாட்டேன், அதற்குத் தனியாக ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு நாளில் காலை தாமதமாக எழுந்து நீச்சல் குளம், மாலையில் கடைகளும் உணவகங்களும் நிறைந்த டிஸ்னி ஸ்பிரிங்ஸ். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. வீட்டுச் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கினால் அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஹோட்டலில் சனா என்ற உணவகத்தில் நான் ரொட்டியும் விதவிதமான சட்னிகளும் கிடைக்கும், முன்பதிவு மட்டும் செய்துகொண்டு போங்கள்.