கோடை முகாம் நாவலுக்கு ராமநாதபுரம் கடற்கரை சரியான களமா?

கேள்வி: கோடை விடுமுறையில் நடக்கும் ஒரு கல்வி முகாம். அதில் பதின்ம வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் முந்தப் போட்டி போடுகிறார்கள். இதை வைத்துத் தமிழில் ஓர் இளையோர் நாவல் எழுத ஆசை. களம் ராமநாதபுரம் கடற்கரை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாக எழுதுங்கள். நான் மண்டபம் பக்கத்தில் பள்ளி ஆசிரியர். வினாடி வினா, அறிவியல் கண்காட்சி என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைவதே பாதி வேலை. அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மீனவர் வீட்டுப் பெண்ணைக் கடல் ரகசியம் அறிந்த ஞானியாக்கி, காற்றடிக்கும் திசையைப் பார்த்தே கடைசிச் சுற்றில் ஜெயித்தாள் என்று முடித்துவிடாதீர்கள். இந்தக் களத்தைச் சொன்னதும் யாருக்கும் முதலில் தோன்றுவது அந்தக் கதைதான்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கடல் அவ்வளவாகத் தெரியாது. பெண் பிள்ளைகளைத் தொழிலுக்குப் படகில் ஏற்றுவதில்லை. பையன்களையும் "இந்தத் தொழில் என்னோட போகட்டும், நீ படி" என்று அப்பாமார்களே கரையில் நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது மதிப்பெண். அரை மதிப்பெண் போனாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரு வினாடி வினாவில் பார்த்தது. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஆண்டு எது என்று கேட்டார்கள். எதிரணிப் பையன் 1986 என்றான். நடுவர் கையில் இருந்த தாளிலும் அப்படியே இருந்ததால் மதிப்பெண் போட்டுவிட்டார். எங்கள் அணிப் பெண் எழுந்துவிட்டாள். "சார், 1986 தேசியப் பூங்கா. உயிர்க்கோளக் காப்பகம் 1989." உட்காரு என்று நான் கண்ணைக் காட்டினேன், அவள் என் பக்கமே திரும்பவில்லை. பையிலிருந்து பொது அறிவுப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, நடுவர் மேசை மேல் விரித்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மதிப்பெண்ணை மாற்றி எழுதும்வரை நகரவில்லை. மாற்றிய பிறகு சிரிக்கவும் இல்லை. எதிரணிக்குப் போட்டதை அழித்தார்களா என்று கரும்பலகையை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

அவள் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கும் பெண்களில் ஒருவர். மகளுக்கு அந்தக் கடலைப் பற்றித் தெரிந்த இரண்டு ஆண்டுகளும் புத்தகத்திலிருந்து வந்தவை. உங்கள் நாயகி இவள்தான். நம் கதைகளில் ஏழைப் பிள்ளை ஒன்று கஷ்டப்படும், இல்லையென்றால் தங்கமாக நடந்துகொள்ளும். பொறாமைப்படவும், நோட்டை மறைக்கவும், தோழி தப்பாகச் சொன்னதும் உள்ளுக்குள் குளிரவும் அதற்கு யாரும் இடம் கொடுப்பதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் போட்டி வெறி அழகு, இவளுக்கு அடக்கம் அழகு என்று எழுதினால் பதினைந்து வயது வாசகி புத்தகத்தை மூடி வைத்துவிடுவாள்.

இந்த வகைக் கதை ஓடுவதற்குத் தேவை ஒரு அடைத்த இடம், எண்ணிக்கொண்டே போகிற நாட்கள், தினமும் மாறுகிற தரவரிசைப் பலகை. அமெரிக்கக் களத்தில் எழுதும்போது பெற்றோர் எட்டிப் பார்க்காத பல்கலைக்கழக வளாகம், பரிசாகக் கல்லூரிச் செலவு என்று வசதியாக அமைந்துவிடும். இங்கே அந்த 'அடைத்த இடம்' நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்க்கும் காலம். முகாம் நடக்கிற மே மாதம் முழுவதும் அப்பா கரையில்தான் இருப்பார். வருமானம் கிடையாது, நேரம் நிறைய. டிவிஎஸ் எக்ஸெல்லில் தூக்குவாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு தினமும் முகாம் வாசலுக்கு வந்து நிற்பார். "பாப்பா சாப்பிட்டுச்சா சார்?" மற்ற பிள்ளைகள் முன்னால் அவளுக்கு மானம் போகும். அந்த வாளியில் இருக்கிற குழம்பு மீன் வாங்கின மீன் என்பதும் அவளுக்குத் தெரியும். இதை விட்டுவிட்டு வில்லன் தேடிப் போகாதீர்கள்.

தரவரிசையையும் வெளியிலிருந்து யாராவது கலைத்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பு முடிவு வருவதும் மே மாதத்தில்தான். முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனால் எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு வந்து பாருங்கள், பிள்ளைகள் படத்தோடு பிளக்ஸ் வைப்பதைத் தனியார் பள்ளிகள் நிறுத்தவில்லை. முகாமின் நடுவில், ஒரே போனைச் சுற்றி நாற்பது தலை குவிந்து முடிவு பார்க்கிற அந்தக் காலையை எழுதினாலே ஒரு அத்தியாயம் தானாக வந்துவிடும்.

முகாமை எப்படி அமைப்பது என்று குழம்பினால் இஸ்ரோவின் யுவிகா திட்டத்தைப் பாருங்கள். 2019-ல் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, கோடையில், தங்கிப் படிக்கும் முகாம். தேர்வு முறையில் எட்டாம் வகுப்பு மதிப்பெண், இணையவழி வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு எல்லாம் சேரும். ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படித்தால் அதற்கும் தனி மதிப்பெண் உண்டு. கதைக்குக் கிடைக்கிற வெடிமருந்து அந்தக் கடைசி வரிதான். அதேபோல அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. "உனக்கென்ன, ஏழரை இருக்கு" என்று தனியார் பள்ளிப் பையன் ஒருவன் சாப்பாட்டு வரிசையில் சொல்லட்டும். "ஏழரை எனக்கா உனக்கான்னு நாளைக்குப் பார்ப்போம்" என்று இவள் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டட்டும். யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் நடுவில் வந்து விளக்காதீர்கள். இரண்டு பேருக்கும் அவரவர் வலி இருக்கிறது, வாசிக்கிற பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

பெண் பிள்ளை இரவு வெளியே தங்குவதற்கு வீட்டில் அனுமதி வாங்குவது தனிப் போட்டி. அதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது.

இடம் பற்றிய சில விஷயங்கள். நள்ளிரவில் நாட்டுப்படகை எடுத்துக்கொண்டு நான்கு பேர் தீவுக்குப் போவதாக ஒரு சாகசம் கட்டாயம் உங்கள் மனசில் இருக்கும். தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. எல்லைக் கடல் என்பதால் ரோந்து வேறு. பிடிபட்டால் கதை காவல் நிலையத்துக்குப் போய்விடும். அப்படிப் போகட்டும் என்றால் சரி, இல்லையென்றால் காரங்காட்டுக்குப் பகலில் கூட்டிப் போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகிலேயே போகலாம்.

எந்த ஆண்டில் கதை நடக்கிறது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுவிட்டது, புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-ல். 2023, 2024 கோடை என்றால் ராமேசுவரம் தீவுக்கு எல்லாரும் சாலைப் பாலத்தில் பஸ்ஸில்தான் வரவேண்டும். ரயில் ஜன்னலோரக் காட்சி எழுதிவிட்டு எங்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தண்ணீரை மறந்துவிட வேண்டாம். நாற்பது பிள்ளைகள் தங்கினால் காலை நாலரைக்கே குளியலறை வாசலில் வாளி வரிசை தொடங்கிவிடும். கமுதிப் பக்கம் மிளகாய்க்காட்டுப் பையனும் கீழக்கரைப் பெண்ணும் முதல் சண்டை போடுவது அங்கேதான் இருக்க வேண்டும், பரிசோதனைக் கூடத்தில் அல்ல. சொல்லப்போனால் அந்தக் கமுதிப் பையனை நன்றாக வளர்த்தெடுங்கள். இதே மாவட்டம்தான், ஆனால் கடலில் கால் நனைத்திருக்க மாட்டான். கடற்கரைப் பிள்ளைகள் புத்தகமும் கையுமாக இருக்க, இவன் ஒருவன் மட்டும் வாயைப் பிளந்து அலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

முடிவில் கோப்பையைப் பங்கு போட்டுக் கொடுக்காதீர்கள். ஒருவர் முதலிடம், மற்றவர் இரண்டாமிடம், இடையில் ஒன்றிரண்டு மதிப்பெண். நாயகி ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, ஆனால் தோற்றால் "பங்கேற்பே பெரிது" என்று அவள் வாயில் வரக் கூடாது. விடைத்தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்பாள்.

பேச்சை ஊர் வாரியாகப் பிரியுங்கள். கீழக்கரைப் பெண் வாப்பா, உம்மா, லாத்தா என்பாள். அவள் தன் அண்ணனைக் "காக்கா" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கமுதிப் பையன் முதல் நாள் சிரித்தால் இயல்பாக இருக்கும். எங்கள் பெண் அப்பாவை "நீ, வா, போ" என்றுதான் பேசுவாள், அதை மரியாதைக் குறைவு என்று நினைத்துத் திருத்திவிட வேண்டாம். முதல் சில அத்தியாயங்கள் தயாரானதும் இங்கேயே போடுங்கள். என் ஒன்பதாம் வகுப்பில் படிக்கக் கொடுக்கிறேன். பிழை கண்டுபிடித்தால் பக்க எண்ணோடு எழுதித் தருவார்கள்.