பாசி மரத்தைத் தின்னுமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பேரிக்காய் மரம். மழை தொடங்கியதிலிருந்து அடிமரம் முழுக்கப் பச்சைப் பாசி, நடுநடுவே செம்பழுப்பில் கோலம் போட்டதுபோல் இன்னொன்று பட்டையோடு ஒட்டிக் கிடக்கிறது. பாசி மரத்தின் சாற்றை உறிஞ்சிவிடும், கம்பி பிரஷ்ஷால் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடி என்கிறார் அப்பா. சுரண்டலாமா?

செ.

அன்புள்ள செ.,

சுரண்டாதீர்கள், தயவுசெய்து. உங்கள் மரத்தில் இருக்கும் பாசி குளத்துப் பாசி அல்ல, ‘மாஸ்’ என்ற குட்டிச் செடி. அதற்கு வேரே கிடையாது. நூல் மாதிரி வேரிகள் உண்டு, அவை பட்டையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான், மரத்தில் சாறு ஓடும் இடம்வரை போவதில்லை. தண்ணீரை இலையாலேயே குடித்துவிடும். மழை, மூடுபனி, பட்டையில் தூசியோடு வழிந்து வரும் நீர், இவ்வளவு போதும் அதற்கு. வயதாகி இலை குறைந்த மரத்தில் வெளிச்சம் கூடுதலாக விழுவதால் பாசி செழிக்கிறது, காய்ப்பு குறைந்த பழியும் அதன்மேலேயே விழுகிறது.

அந்தச் செம்பழுப்புக் கோலம் லிவர்வோர்ட், பாசிக்குச் சொந்தக்காரச் சிறு செடி வகை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதில் ஃப்ருல்லானியா என்ற இனமாக இருக்கும். பள்ளிப் புத்தகத்து மார்கான்ஷியா படத்தைப் பார்த்து, லிவர்வோர்ட் என்றாலே தரையில் படரும் பச்சைத் தகடு என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் மரத்தில் வாழ்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இலை உண்டு. ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்குங்கள். பாசியில் இலைகள் பெரும்பாலும் தண்டைச் சுற்றிலும் நிற்கும், ஃப்ருல்லானியாவில் இரண்டு பக்கமும் வரிசையாக, ஓட்டுவீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், நடுநரம்பு இருக்காது. ஒரே ஒரு இழையை மெல்லப் புரட்டினால் அடியில் இலைக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டித் தொப்பிகள். அத்தனையும் தண்ணீர்க் குடங்கள்! மழை விட்ட பிறகும் அவற்றில் நீர் தங்கும், ரோட்டிஃபர் என்ற நுண்விலங்குகள் அதற்குள் குடியிருக்கும். முதன்முதலில் இதைப் பார்த்த அன்று நான் அந்த மரத்தடியை விட்டு நகரவே இல்லை.

கோடையில் இரண்டுமே சுருண்டு, கருகியதுபோல் கிடக்கும். செத்துவிட்டது என்று பிய்த்துப் போட்டுவிடாதீர்கள், ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு நின்று பாருங்கள், சில நிமிடங்களில் இலை விரியும்.

அப்புறம், ஃப்ருல்லானியாவை வெறுங்கையால் தேய்த்தால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். பிரான்சில் மரம் வெட்டுகிறவர்களுக்கு இதனால் வரும் தோல் அழற்சி மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

உங்கள் ஊர்ப் பக்கம் செண்பகனூரில் இருந்த ஃபோரோ என்ற பாதிரியார் பழனிமலைப் பாசிகளையே பல காலம் தேடிச் சேகரித்து, 1961இல் விரிவான பட்டியலாக வெளியிட்டார். அவர் நடந்த மலையில்தான் உங்கள் பேரிக்காய் மரமும் நிற்கிறது.

அடுத்த மழைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் லென்ஸை அவர் கையில் கொடுங்கள். படம் எடுத்தால் அனுப்புங்கள், அந்தத் தொப்பிகள் தெரிகிற மாதிரி.